முதுகுப் போட்டோக்காரி

அருளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, வாய்தான் விடவில்லை. இதை எழுதும்போதும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “என்ன எழுதுற, திட்டியா எழுதுற?” என்று கேட்டபடியே இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க மெட்ராசுக்கு வருகிற உன் மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு தகரப் பெட்டியும் தருவார். அதை இப்போது திறக்காதே. கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுத் திற. எதற்கும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற புத்தி உன் அப்பாவிடமிருந்து உனக்கும் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தது. மண்டபம், சாப்பாடு, திருச்சியில் யார் எங்கே தங்குவது என்று எல்லாவற்றையும் இஞ்சினியர் கணக்காக ஒழுங்காய் எழுதியிருந்தாய். சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு வரி. “அம்மா, ஒன்று சொன்னால் கோபப்படாதே. கல்யாணத்துக்கு வரும்போது கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.” கோபப்படாதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா ராசா? அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. உன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். அப்போதே அவரும் உன் கடிதத்தைப் படித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். மறுநாள் பதில் எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். அதற்கு மறுநாளும் அதே கதைதான். அதில் எழுதியிருந்ததெல்லாம் நீ படிக்கக்கூடியதாக இல்லை. இப்போது ஆறிவிட்டேன். ஆறின பிறகு எழுதுவது இது.

நிச்சயத்தன்று பெண்வீட்டுக் கூட்டத்தில் ஸ்டெல்லாவின் அத்தை சொன்னது என் காதிலும் விழுந்தது. “மாப்பிள்ளைக்கு அம்மான்னா பட்டும் பூவுமா உக்காந்திருப்பாங்கன்னு பாத்தா, கேமராவும் கழுத்துமால்ல நிக்கிறாங்க!” நன்றாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் உன் முகம் சுண்டிப்போயிருந்தது. அந்தச் சுண்டின முகத்தை நான் முன்பே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கேமரா வருமா வராதா என்பதற்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. உன் அம்மா எப்படிப் போட்டோக்காரி ஆனாள் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கல்யாணம் முடிந்து உன் பெண்டாட்டி கேட்டால் முழுசாகச் சொல்ல வேண்டாமா?

நான் நத்தம் பக்கம் மாந்தோப்புக்காரர் மகள். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வரும்வரை என்னை ஒருத்தரும் படம் எடுத்ததில்லை. உன் அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது, மத்தியானம் சோறு கொண்டுபோவதைத் தவிர. நீ கையைப் பிடித்துக்கொண்டு கூட வருவாய். அப்படி ஒரு நாள் போனபோது பேகம்பூர்த் தோல் மண்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை பினாங்கில் இருந்தார். பெண்ணை அனுப்பப் பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். “வீட்டுல வந்து எடுக்கணும் தம்பி. ஆனா ஆம்பள வரக்கூடாது. படத்தைக் கழுவுறதும் ஆம்பள கூடாது” என்றார். உன் அப்பா, “அப்ப கேமராவை மட்டும் ஜட்கா வண்டியில ஏத்தி அனுப்பிவிடுறேன், அதுவா போய் எடுத்துக்கிட்டு வந்துரும்” என்று சிரித்தார். மண்டிக்காரர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். “இந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?” என்றார். உன் அப்பா வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள். “ஓ, நல்லாத் தெரியுமே!” என்றார். எனக்குக் கேமராவில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூடத் தெரியாது அப்பு.

அந்த வாரம் முழுக்க ஸ்டூடியோ நாற்காலியில் ஒரு பூசணிக்காயை உட்காரவைத்து எனக்குப் பழக்கினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்பக்கக் கண்ணாடியில் பூசணிக்காய் தலைகீழாகத் தொங்கும். “மேடம் கொஞ்சம் முகத்தைத் தூக்குங்க” என்று பூசணிக்காயிடம் சொல்லிப் பழகினேன். வாரக் கடைசியில் அந்த மேடத்தைக் கூட்டுவைத்துத் தின்றோம். படம் எடுப்பதைவிடக் கழுவுவதுதான் பெரும் பாடு. ஆம்பளை பார்க்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. இருட்டறைக்குள் நான் ஒருத்தி, கதவுக்கு வெளியே உன் அப்பா. “இப்ப கண்ணாடிப் பிளேட்டை மருந்துல போட்டியா? ஆட்டு. மெதுவா. இன்னும் செத்த நேரம். போதும், எடு!” என்று வெளியே நின்றே கத்துவார். உள்ளே எனக்கு வேர்த்துக் கொட்டும். ஆனால் வாக்கென்றால் வாக்கு. அந்தப் படத்தை இன்றுவரை அவர் பார்த்ததில்லை. இந்த வரியை எழுதும்போது, “நான் என்னத்தைப் பாத்தேன், கதவைத்தான் பாத்தேன்” என்கிறார்.

அந்தப் பெண்ணின் பெயர் மும்தாஜ். என்னைவிடச் சின்னவள். அவர்கள் வீட்டுக்குப் போனதும் நீ அவள் தம்பிகளோடு சேமியா தின்ன உட்கார்ந்துவிட்டாய். ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்தேன். தலையை நிமிர்த்தவே மாட்டேன் என்றாள். அதட்டினால் நிமிர்வாள், படமும் கிடைக்கும், ஆனால் படத்தில் அதட்டுதான் இருக்கும். “எடுக்கவா?” என்று கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். சும்மா உட்கார்ந்தேன். பிறகு திரும்பக் கேட்டேன். பதில் இல்லை. பூசணிக்காய்க் கதையைச் சொன்னேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள் பார், அப்படியே நிமிர்ந்து, “சரி, எடுங்க” என்றாள். பாஸ்போர்ட்டுக்கு ஒன்றும், வாயைப் பொத்தின சிரிப்போடு ஒன்றும் எடுத்தேன். புறப்படும்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கண்ணாடியையும் எங்ககிட்டயே குடுத்துரும்மா. எங்க பிள்ளை முகம் இன்னொருத்தர் வீட்டுல இருக்கக் கூடாது” என்றார். நெகட்டிவைத்தான் சொன்னார். கழுவிப் பிரிண்டு போட்டதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து பேகம்பூரில் எந்த வீட்டில் எடுத்தாலும் அதுதான் வழக்கம். கேட்டுவிட்டு எடுப்பேன், எடுத்ததை நெகட்டிவோடு கொடுத்துவிடுவேன். எத்தனை கல்யாணப் பெண்கள், எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள்! இன்றைக்கு என்னிடம் பேகம்பூர் முகம் ஒன்றுகூட இல்லை. நான் எடுத்ததிலேயே நல்ல முகம் அந்த மும்தாஜ் முகம். பினாங்கில் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் இருக்கும். இருக்கட்டும்.

அடுத்து வந்தவர் சின்னாளபட்டிச் சேலை முதலாளி. காலண்டர் போட வேண்டும், சேலை கட்டின பெண்ணைப் படமாகப் போட வேண்டும், ஆனால் நாடகக்காரியும் வேண்டாம், வரைந்த படமும் வேண்டாம், “நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கணும்” என்றார். நம்ம வீட்டுப் பொண்ணு எவள் ஊர்ச் சுவர்களில் தொங்குவதற்கு முகத்தைக் காட்டுவாள்? தெருத் தெருவாகக் கேட்டேன். ஒருத்தி, “எங்க வீட்டுக்காரர் வெட்டிப் போட்டுருவாரு” என்றாள். இன்னொருத்தி, “நீயே நில்லேன்” என்று மூஞ்சியிலடித்தாற்போல் கேட்டாள். எனக்கும் துணிச்சல் வரவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எதிர்வீட்டுச் சவரியம்மா, சுருட்டுக் கம்பெனிக்குப் போவாளே, உனக்கு முறுக்கு வாங்கித் தருவாளே, அவள் சொன்னாள்: “சேலைக்கு அழகே முந்தானைதான யக்கா? முந்தானை முதுகுலதான கெடக்கு? முதுகை எடு. முகம் வேண்டாம்.” அம்புட்டுத்தான் விஷயம். இதைத்தான் பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் என்னுடைய பாணி என்று எழுதினார்கள்.

காலையில் மலைக்கோட்டைப் பாறைக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கறும்பாறையைப் போல ஒரு திரை எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. சவரியம்மா புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். வெயில் பாறையில் பட்டு அவள் தோளோரத்தில் அடித்தது, காற்று முந்தானையைத் தூக்கியது. “எடுக்கவா?” என்று கீழேயிருந்து கத்தினேன். “எடு, எடு, காலு சுடுது!” என்றாள். காலண்டர் அச்சாகி வந்தது. டீக்கடை, சலூன், பலசரக்குக் கடை என்று எங்கே பார்த்தாலும் அதுதான். முதலாளிக்குச் சேலை நின்று விற்கவில்லை, பறந்து விற்றது. நாங்கள் செய்த மடத்தனம் என்ன தெரியுமா? முகத்தை மறைத்துவிட்டோம், இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்ததுதான். இந்த ஊரில் பெண்பிள்ளைகளை யார் முகத்தைப் பார்த்து அடையாளம் வைத்திருக்கிறார்கள்? தண்ணிக்குப் போவதையும் வேலைக்குப் போவதையும் பின்னாலிருந்துதானே ஊர் பார்க்கிறது! காலண்டர் தொங்கின அன்றைக்கே டீக்கடையில் சொல்லிவிட்டார்கள், “ஏலே, இது நம்ம சவரியம்மாடா. வலது தோளு எறக்கமா இருக்கு பாரு, குடம் தூக்கித் தூக்கி.”

அவள் புருசன் அந்தோணி, ஜட்கா ஓட்டுகிறவன், காலண்டரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தான். சாட்டையையும் கீழே வைக்கவில்லை. உன் அப்பா மெதுவாக இருட்டறைக்குள் போய்விட்டார். இப்போது “மருந்து கலக்கப் போனேன்” என்கிறார், நம்பாதே. “எம் பொண்டாட்டியை ஊர்ச் சுவத்துல மாட்டிட்டியேக்கா!” என்றான். நான் விடுவேனா? “முகம் எங்கடா தெரியுது? நீயா கற்பனை பண்ணிக்கிட்டு வந்து நிக்கிறியா?” என்று எகிறினேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “முகம் தெரியாட்டி என்னக்கா? நான் என்ன முகத்தைப் பாத்தா அவளைக் கட்டுனேன்? தண்ணி எடுத்துட்டுப் போறதைப் பின்னாடி வண்டியில வந்துக்கிட்டே பாத்துப் பாத்துத்தானக்கா கட்டுனேன்!” என்றான். அதற்குள் சவரியம்மா வந்துவிட்டாள். “அப்படின்னா படம் நல்லா வந்துருக்குன்னுதான அர்த்தம்? வா வீட்டுக்கு” என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருசக் காலண்டருக்கும் அவள்தான் நின்றாள். அந்தோணி ஒரு காலண்டரை வண்டிக்குள் ஒட்டிவைத்துச் சவாரி ஏற்றினான்.

இது எங்களுக்குச் சிரிப்பாகப் போயிற்று. உனக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் உன்னை முதுகுப் போட்டோக்காரி மகன் என்று கூப்பிட்டது எனக்குத் தெரியாது அப்பு. சட்டை கிழிந்து வருவாய், கேட்டால் பந்து விளையாடினேன் என்பாய். தைத்துப் போட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. நீ எட்டாவது படித்த வருசம் உங்கள் வகுப்புக்கு குரூப் போட்டோ எடுக்க ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பினார். உன் அப்பாவுக்குக் காய்ச்சல். நான் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சின்னாளபட்டிச் சேலை கட்டிக்கொண்டு, என் பிள்ளை வகுப்புக்குப் போகிறோம் என்று தலையில் பூவும் வைத்துக்கொண்டு வந்தேன். உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீ பார்க்காத மாதிரி நின்றாய்.

எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, பிளேட்டைச் செருகி, அமுக்கினால் படம் விழுகிற ரப்பர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் இங்க பாருங்கப்பா” என்றேன். ஒரு பயல் பின்வரிசையிலிருந்து, “முகத்தைக் காட்டணுமா, முதுகைக் காட்டணுமாக்கா?” என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அப்போதுதான் உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். அடுத்த கணம் நீ திரும்பி நின்றுவிட்டாய். அத்தனை பையன்களும் பல்லைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நடுவில் உன் முதுகு மட்டும். சின்ன முதுகு. தோளில் நான் போட்ட தையல். என் கை ரப்பர் பந்தை அழுத்திவிட்டது. ஊரெல்லாம் எடுக்கவா எடுக்கவா என்று கேட்டு எடுத்தவள், அன்றைக்குப் பெற்ற பிள்ளையிடம் கேட்கவில்லை. வாத்தியார் உன் காதைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார், இன்னொன்று எடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சுவரில் இருப்பது அந்த இரண்டாவது படம். அதில் உன் காது சிவந்திருப்பது கறுப்பு வெள்ளையிலும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ முன்னால் நடந்தாய், நான் ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். ஒரு தரம்கூட நீ திரும்பவில்லை. வீட்டில் பையை எறிந்துவிட்டு, “மத்தவங்க அம்மா மாதிரி நீ ஏன் இருக்க மாட்டேங்கிற?” என்று கேட்டாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மத்தவங்க அம்மா வேணும்னா அவங்க வீட்டுக்கே போ” என்றேன். நீ சோறு தின்னாமல் படுத்தாய். நானும் தின்னவில்லை. அதற்குப் பிறகு நீயும் நானும் எத்தனையோ பேசியிருக்கிறோம், அதைப் பற்றி மட்டும் பேசினதில்லை.

அந்த முதல் பிளேட்டைக் கழுவினேன். நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன், நான் வாழ்நாளில் எடுத்ததில் அதுபோல் ஒன்று கிடையாது. உன் அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்தால் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று பார்த்துக்கொள். அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் போட்டோக்காரர்கள் சங்கம் ஒன்றிலிருந்து, சேலைக் காலண்டரைப் பார்த்த ஒருவர், அவர்கள் வருசா வருசம் வைக்கிற கண்காட்சிக்குப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார். “இதை அனுப்பு. இதுக்குத்தான் பரிசு, எழுதி வச்சுக்க” என்று உன் அப்பா பெரிதாகப் பிரிண்டு போட்டு அட்டையில் ஒட்டிக் கட்டியும் வைத்துவிட்டார். தபாலாபீசுக்குப் போகிற வழியில் பேகம்பூர் முக்கில் மும்தாஜின் அம்மாவைப் பார்த்தேன். “என்னம்மா, கையில யாரு படம்?” என்று கேட்டார். “எம் பையன் படம்” என்றேன். “நல்லாருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நான்தான் கட்டை மடியில் வைத்துக்கொண்டு முக்குத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரார் பிள்ளைகள் முகத்தையெல்லாம் நெகட்டிவோடு திருப்பிக் கொடுத்தவள், என் பிள்ளையின் அழுகையைக் கொண்டுபோய் மெட்ராசில் தொங்கவிடப் போகிறேனா? திரும்பி வந்து கட்டைப் பிரித்தேன். சவரியம்மா பாறையேறுகிற படத்தை, கடைப் பெயர் இல்லாமல், அட்டையில் ஒட்டி அனுப்பினேன்.

அதற்குப் பரிசு கிடைத்ததும், நானும் உன் அப்பாவும் மெட்ராசுக்குப் போனதும் உனக்குத் தெரியும். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று இங்கிலீசில் நீளமாகப் பேசினார். உன் அப்பா எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். “ஏன் முகத்தைக் காட்டவில்லை?” என்று என்னிடம் தமிழில் கேட்டார்கள். “அந்தப் பிள்ளை ஒத்துக்கலைங்க” என்றேன். அடக்கமாகப் பேசுகிறாள் என்று எல்லாரும் கைதட்டினார்கள். அதே படம் காலண்டரில் இருந்தபோது ஒருத்தரும் கைதட்டவில்லை. “கீழ கடைப் பேரு இருந்தா யாவாரம், எடுத்துட்டாக் கலை” என்று உன் அப்பா அன்றைக்குச் சொன்னதைத்தான் இத்தனை வருசமாக இரண்டு பக்கத்துக்காரர்களிடமும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேலைக்காக எடுக்கும்போதும் சவரியம்மாவைத்தான் பார்த்தேன், கண்காட்சிக்கு எடுக்கும்போதும் அப்படி ஒருத்தியைத்தான் பார்த்தேன். எனக்கு இரண்டு கண் கிடையாது.

பிறகு மதுரை, கோயம்புத்தூர், பம்பாய் என்று மில்காரர்கள் கூப்பிட்டார்கள். பம்பாயில் உதட்டுச்சாயம் போட்ட ஒரு பெண் என் முன்னால் வந்து எப்படி நிற்க வேண்டும் என்று கேட்டது. பழக்கத்தில், “திரும்பி நில்லும்மா” என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நின்று மூச்சு விட்டது பார், தோள் இரண்டும் அப்படியே இறங்கின. எப்போது பார்த்தாலும் முகத்தைக் காட்டியே பிழைக்கிற பிள்ளை, பாவம். அந்தப் படம்தான் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்தது. நீ காலேஜ் விடுதியில் அதைப் பார்த்தாயா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய நேரம் இது, ஊரில் எல்லா அம்மாவும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது என் வேலை ஒன்றுதான், அதிலிருந்துதான் சொல்ல முடியும். ஸ்டெல்லாவிடம் எதையும் கேட்டுச் செய். கேட்டுவிட்டுக் காத்திரு. கேட்பது எல்லாரும் கேட்பார்கள், காத்திருக்கத்தான் பொறுமை இருக்காது. அவள் வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அது எனக்கு வந்த வியாதி, உனக்கும் இருக்கிறது. கோபத்தில் நான் உன்னிடம் சொன்னதுபோல ஒரு வார்த்தை உன் வாயிலும் வரும். வந்தால் அன்றைக்கே போய்ச் சோறு போட்டுக்கொடுத்துப் பேசிவிடு. என்னைப் போல வருசக்கணக்கில் தள்ளிப்போடாதே. அந்தப் பெண் நல்ல பெண். நிச்சயத்தன்று அத்தை பேசினபோது, அவள் யாருக்கும் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்ப்பதுதானே என் வேலை.

இப்போது பதில். தகரப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி ஒரு கண்ணாடி இருக்கிறது. பார்த்து எடு, ஓரம் கையை வெட்டும். உன் எட்டாம் வகுப்பின் முதல் பிளேட் அது. உன் அப்பா போட்ட பிரிண்டும் கூடவே இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. யாரும் பார்த்ததில்லை, நானும் அவரும் தவிர. பேகம்பூர் வழக்கப்படி இதை உனக்கு எப்போதோ கொடுத்திருக்க வேண்டும், மனசு வரவில்லை. இனி அது உன்னுடையது. உடைத்துப் போட்டாலும் சரி, ஸ்டெல்லாவிடம் காட்டினாலும் சரி, நான் கேட்க மாட்டேன்.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் பூசை முடிகிறவரை நான் மாப்பிள்ளையின் அம்மா. பூவும் பவுனுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சேலை மட்டும் சின்னாளபட்டிதான், அதில் பேச்சில்லை, ஸ்டெல்லாவின் அத்தையிடம் இப்போதே சொல்லிவை. முகங்களையெல்லாம் திருச்சி ஸ்டூடியோக்காரன் எடுத்துக்கொள்ளட்டும். கேமராவை உன் சித்தி தன் பையில் வைத்திருப்பாள். கழுத்தில் தொங்காது, ஒருத்தர் கண்ணிலும் படாது. சாமியாரின் மந்திரிப்பெல்லாம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் கோயில் படியிறங்கிக் காருக்குப் போவீர்கள் பார், அப்போது எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்க முன்னால் ஓடிவிடுவார்கள். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். நான் இருப்பேன். ஒரே ஒரு படம் கேட்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோதும், காலேஜுக்குக் கோயம்புத்தூர் பஸ் ஏறினபோதும், மெட்ராஸ் ரயிலுக்கு ஓடினபோதும் நான் பார்த்த முதுகு அது. எத்தனை பேர் நடுவில் நின்றாலும் எனக்குத் தெரியும். அந்தோணி அழுதானே, அந்த அழுகையின் அர்த்தம் எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

இந்தத் தரம் கேட்டுத்தான் எடுப்பேன். கூட்டத்தில் என் குரல் உனக்குக் கேட்காது, அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன். எடுக்கவா? பதில் எழுத வேண்டாம். படியிறங்கும்போது அப்படியே நடந்து போனாயானால் சரி என்று எடுத்துக்கொள்வேன். வேண்டாம் என்றால் ஒரே ஒரு தரம் திரும்பி என்னைப் பார். கேமராவைக் கீழே இறக்கிவிடுகிறேன், சத்தியமாக. நீ திரும்பிப் பார்த்தால் அப்புறம் எனக்குப் படம் எதற்கு?

உன் அம்மா